தமிழ் வழியே ஸ்பானிய மொழி

ஸ்பானிய மொழியைக் கற்க விரும்பும் மாணவர்கள் சிலர் அவ்வப்போது என்னிடம் வருவதுண்டு. அவர்களிற் பெரும்பாலார் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "ஐயா, எனக்கு ஆங்கிலமே இன்னும் கைவரவில்லை, ஸ்பானியம் எப்படி வரும்?" தமிழ் வழியிற் பள்ளிப் படிப்பை முடித்து, கல்லூரியின் முதலாண்டில் ஆங்கிலப் பாடங்களைக் கண்டு மருண்ட பிள்ளைகளின் கேள்வி அது. ஆங்கிலத்தைக் கடந்தவனுக்கே மற்ற அயல்மொழிகள் எட்டும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த எண்ணத்தால் எத்தனையோ நல்ல மாணவர்கள் முயன்று பாராமலே விலகிவிடுகின்றனர். ஸ்பானியத்தைப் பொறுத்தவரை அது முற்றிலும் தவறான எண்ணம். தமிழிலிருந்து ஸ்பானியத்துக்கு நேரான பாதை உண்டு. சில இடங்களில் அது ஆங்கிலப் பாதையைவிடக் குறுகியது.

நான் பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் இடைப்பட்ட திருப்பாலைவனத்தைச் சேர்ந்தவன். பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் கிடக்கின்றது. இவ்வேரியில் வலை வீசும் மீனவர்களிற் பலர் தமிழும் பேசுவர், தெலுங்கும் பேசுவர். அவர்கள் இலக்கண நூலைப் புரட்டியவர்கள் அல்லர். எதிர்ப்பட்ட படகுக்காரரிடம் நீரோட்டம் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது, இறாலுக்கு விலை பேச வேண்டியிருந்தது, பேசினார்கள், வந்துவிட்டது. ஆங்கிலத்தின் துணை அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

இதே கரையில் இன்னும் பெரிய சான்று ஒன்று உண்டு. 16-ஆம் நூற்றாண்டிற் போர்த்துகீசியர் பழவேற்காட்டில் வாணிகம் செய்தனர். 1610-இல் டச்சுக்காரர் வந்து, 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்தனர். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் அங்கே உள்ளன. அந்தக் கோட்டையில் 1630-களில் தொடங்கி ஏறக்குறையப் பத்தாண்டு சமயப் பணியாற்றியவர் ஆபிரகாம் ரொஜேரியுஸ் என்னும் டச்சுப் பாதிரியார். இந்நாட்டவரின் சமயத்தையும் வழக்கங்களையும் அறிய அவர் விரும்பினார். அவருக்கு வடமொழி தெரியாது. அவருக்கு விளக்கம் சொன்ன பத்மநாபர் என்னும் அந்தணர் போர்த்துகீசிய மொழி அறிந்தவர். ஆகவே இருவரும் தங்கள் தாய்மொழி அல்லாத அம்மொழியிலே அமர்ந்து பேசினார்கள்! பர்த்ருஹரியின் நீதி, வைராக்கியச் செய்யுட்களைப் பத்மநாபர் அம்மொழியிற் பொருள் சொல்ல, ரொஜேரியுஸ் டச்சு மொழியில் எழுதிக்கொண்டார். அவர் இறந்தபின் 1651-இல் லெய்டன் நகரில் அந்நூல் வெளிவந்தது. வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியது அதுவே முதல் முறை என்று அறிஞர் கூறுவர். கடன்வாங்கிய மொழியைக்கொண்டு இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறது. பிழையின்றிப் பேச வந்தபிறகே வாய் திறப்பேன் என்று பத்மநாபர் காத்திருந்தால், அந்நூல் பிறந்திராது என்றே எண்ணுகிறேன்.

போர்த்துகீசியமும் ஸ்பானியமும் இலத்தீன் என்னும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். போர்த்துகீசியர் தமிழில் விட்டுச்சென்ற சொற்களை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். ஆதலால் ஸ்பானியச் சொற்கள் சில நம் வீட்டிலேயே இருக்கின்றன. மேசை ஸ்பானியத்தில் 'மேசா'. அலமாரி 'அர்மாரியோ'. பொத்தான் 'பொத்தோன்'. பாதிரி 'பாத்ரே', அங்கே அது தந்தையையும் குறிக்கும். ஈழத்தமிழர் வழங்கும் பாண் அங்கே 'பான்', குசினி 'கொசீனா', சப்பாத்து 'சபாத்தோ'. ஆனால் எல்லாம் இப்படிப் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. ஜன்னல் போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. ஸ்பானியரிடம் போய்ச் சொன்னால் விழிப்பார்கள், அவர்களுக்கு அது 'வென்தானா'.

சொற்களைவிட ஒலி இன்னும் நெருக்கமானது. ஸ்பானியத்தில் உயிரொலி ஐந்தே: அ, எ, இ, ஒ, உ. எழுதியபடியே படிக்கலாம்; ஆங்கிலத்தைப்போல் ஒன்றை எழுதி வேறொன்றை வாசிக்கும் தொல்லை மிகக் குறைவு. 'அது' என்னும் சொல்லில் நம் தகரம் எவ்வளவு மென்மையாக ஒலிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றுமில்லை என்னும் பொருளுடைய 'நாதா' என்ற ஸ்பானியச் சொல்லிலும் அதே மென்மைதான். 'அகம்' என்பதில் ககரம் குழைவதுபோலவே, ஏரியைக் குறிக்கும் 'லாகோ' என்பதிலும் குழைகிறது. ஆங்கிலேயருக்கு நாக்கு வளைய மறுக்கும் இடம் இது. நமக்கோ பிறவிப் பழக்கம். பள்ளியில் ஆசிரியர் அழுத்திச் சொல்லித்தந்த ரகர றகர வேறுபாடும் இங்கே கைகொடுக்கும். 'பெரோ' என்றால் 'ஆனால்' என்று பொருள். நாவை அதிரவிட்டுப் 'பெறோ' என்றால் நாய்! தொண்டையிலிருந்து எழும் அழுத்தமான ஹகரம் போன்ற ஒன்றிரண்டு ஒலிகளே புதிதாகப் பழக வேண்டியவை.

இனி இலக்கணத்துக்கு வருவோம். 'பேசுகிறேன்' என்றாலே பேசுபவன் நான் என்பது விளங்குகிறது. விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. ஸ்பானியத்திலும் அப்படியே. 'ஆப்லோ' பேசுகிறேன், 'ஆப்லாஸ்' பேசுகிறாய், 'ஆப்லாமோஸ்' பேசுகிறோம். நான், நீ என்று முன்னே வைக்க வேண்டியதில்லை. நீ, நீங்கள் என்னும் மரியாதை வேறுபாடும் 'தூ', 'உஸ்தேத்' என்று அங்கே உண்டு. இவற்றையெல்லாம்விட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. 'எனக்கு மீன் பிடிக்கும்' என்கிறோம். பிடித்தலைச் செய்பவன் 'நான்' அல்லன். ஸ்பானியரும் 'மே கூஸ்தா எல் பெஸ்காதோ' என்கின்றனர். 'மே' என்றால் எனக்கு. எனக்குத் தலை வலிக்கிறது என்பதும் அவ்வாறே, 'மே துவேலே லா கபேசா'. ஆங்கிலம் வழியாகப் பயில்பவன் 'நான் விரும்புகிறேன்' என்று தொடங்கிவிட்டு, பிறகு வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பத் திண்டாடுகிறான். நமக்குத் திருப்ப வேண்டிய தேவையே இல்லை.

'இரு' என்னும் பொருளுக்கு ஸ்பானியத்தில் இரண்டு வினைகள் உண்டு. எங்கும் மாணவரை அலைக்கழிப்பவை அவை. 'நான் மாணவன்' என்று வினையின்றிச் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் 'சோய்' வரும். 'நான் படகில் இருக்கிறேன்' என்று இருத்தலைச் சொல்லும் இடத்தில் 'எஸ்தோய்' வரும். இந்த அடையாளம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எனினும் தொடக்கத்துக்கு இது போதும்.

கடினமான பகுதியையும் மறைக்காமற் சொல்கிறேன். நமக்கு ஆண்பால் பெண்பால் என்பன உயர்திணைக்கே உரியவை. ஸ்பானியத்திலோ மேசை பெண், அலமாரி ஆண். ஏன் என்று கேட்டுப் பயனில்லை; சொல்லைக் கற்கும்போதே 'எல்', 'லா' என்னும் முன்சொல்லையும் சேர்த்தே மனத்தில் ஏற்ற வேண்டும். அடுத்தது சொற்களின் வரிசை. 'நேற்று வந்த படகு' என்று நாம் அடைமொழியை முன்னே அடுக்குகிறோம். அவர்கள் படகை முதலிற் சொல்லி, வந்ததைப் பின்னே தொடுப்பர். வேற்றுமை உருபு நமக்குச் சொல்லின் கடைசியில், அவர்களுக்கு முன்னால். இவ்விடங்களிற் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வாக்கியம் சிதைந்துபோகும். ஒரு நல்ல வாக்கியத்தை முழுமையாக மனப்பாடம் செய்து, அதையே அச்சாக வைத்துப் பெயர்களை மட்டும் மாற்றி மாற்றிப் பழகுவதே வழி.

எந்தச் சொற்களை முதலிற் கற்பது? பாடநூல்கள் விமான நிலையத்தையும் உணவு விடுதியையும் கொண்டு தொடங்கும். உங்கள் வீட்டையும் தொழிலையும் கொண்டு தொடங்குங்கள் என்பேன் நான். ஏரிக்கரைப் பிள்ளைக்கு வலை 'ரெட்', படகு 'பார்க்கா', நண்டு 'கங்ரேஹோ'. குளிர்காலத்தில் நம் ஏரிக்கு வரும் பூநாரை 'ஃப்ளமென்கோ'. கட்டுமரம் அங்கே 'கதமரான்'. நம் சொல்லே கடல்கடந்து போய்க் குடியேறியிருக்கிறது. மீனுக்கு அம்மொழியில் இரண்டு சொற்கள். நீரில் நீந்துவது 'பெஸ்'. பிடிபட்டு உணவாவது 'பெஸ்காதோ'. நகரத்து மாணவர்களுக்கு இதை விளக்க நான் சற்றே பாடுபடுவதுண்டு. மீனவர் வீட்டு இளைஞன் ஒருவன், "தண்ணியில இருக்கிற வரைக்கும் மீன், கூடைக்கு வந்துட்டா சரக்கு. அவ்வளவுதானே, ஐயா?" என்றான். அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கடல் என்னும் சொல் பொதுவழக்கில் ஆண்பால், 'எல் மார்'. ஆனால் ஸ்பானிய மீனவர்களும் மாலுமிகளும் அதனைப் பெண்ணாக்கி 'லா மார்' என்பர். கடலைத் தாய் என்று சொல்லும் நம் கரையாருக்கு அது மறக்குமா?

பயிற்சி முறைக்கு முன்னோர் இருவரை நினைவூட்டுகிறேன். 1546-இல் இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறையிற் பணியாற்றிய போர்த்துகீசியர் என்ரிக்கே என்ரிக்கஸ் தமிழைப் பயின்றபோது, தம் துணைவரும் தாமும் தமக்குள் தமிழிலேயே பேச வேண்டும் என்று விதி வகுத்தார். 1578-இற் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தமிழிற் பெயர்த்த நூல். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, சிறு பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்தைக் கற்றார். வளர்ந்த மனிதர் குழந்தைகளோடு குழந்தையாக அமர்வதற்கு வெட்கப்படவில்லை.

நீங்களும் ஒரு துணையைத் தேடிக்கொள்ளுங்கள். நாள்தோறும் கால் மணி நேரம் ஸ்பானியம் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்று இருவரும் உடன்படுங்கள். முதல் வாரத்தில் அந்தக் கால் மணியிற் பாதி மௌனமாகவே கழியும், கழியட்டும். கைபேசியில் ஸ்பானிய வானொலி இன்று எளிதிற் கிடைக்கிறது. பத்து நிமிடம் கேட்டு, பேசுவோர் வாயை நிழல்போலத் தொடர்ந்து உரக்கச் சொல்லுங்கள். பொருள் விளங்காவிடினும் நாக்கு பழகும். புதுச்சொல்லைத் தனியாக எழுதாமல் ஒரு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள். மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள், மாதக் கடைசி என்று இடைவிட்டு, ஏட்டை மூடிவைத்து நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மறந்ததை முயன்று வரவழைப்பதே நினைவில் ஊன்றும். ஒரு நாளில் மூன்று மணி நேரம் படித்துவிட்டு ஒரு வாரம் விட்டுவிடுவதைவிட, நாளுக்கு அரை மணி மேலானது.

தமிழிலிருந்து நேரே ஸ்பானியத்துக்குச் செல்லும் நல்ல அகராதி எளிதிற் கிடைப்பதில்லை. ஆங்கில அகராதியைத்தான் நாட வேண்டியிருக்கும். அதற்கு வேண்டிய ஆங்கிலம் உங்களிடம் இப்போதே இருக்கிறது. எடுத்த சொல்லுக்குப் பக்கத்தில் உடனே தமிழை எழுதிக்கொண்டால், ஓராண்டில் உங்கள் கையேடே ஓர் அகராதி ஆகிவிடும். திறமைக்குச் சான்று வேண்டுவோர் ஸ்பெயின் நாட்டின் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் 'தேலே' தேர்வை எழுதலாம். தொடக்க நிலை முதல் புலமை நிலை வரை அதில் ஆறு படிகள் உண்டு. அந்நிறுவனத்தின் கிளை 2009 முதல் புதுதில்லியில் இயங்கிவருகிறது. முதற்படியில் அவர்கள் கேட்பது மிக எளியது: உன் பெயர் என்ன, எந்த ஊர், வீட்டில் யார் யார், என்ன தொழில், உனக்கு எது பிடிக்கும். இருபது நாடுகளின் ஆட்சிமொழியும், ஏறத்தாழ ஐம்பது கோடி மக்களின் தாய்மொழியுமான ஒரு மொழியில் இவ்வைந்துக்கும் விடை சொல்ல, மேலே சொன்ன முறையில் மூன்று நான்கு மாதம் போதும்.