பெருநகர எல்லைக்குள் சேரி எப்போது எண்ணப்படுகிறது?

சென்னையின் நடுவே அண்ணா சாலையை ஒட்டி ஓமந்தூரார் அரசினர் தோட்டம் இருக்கிறது. 2010-இல் புதிய சட்டமன்றத்திற்கெனத் திறக்கப்பட்ட கட்டடம் இன்று அங்கே பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக இயங்குகிறது. திண்டிவனம் வட்டாரத்து ஓமந்தூரில் பிறந்து, 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண அரசின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியாரின் பெயர் அது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில் கதவுகளைத் திறந்துவிட்ட 1947-ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம் அவருடைய ஆட்சியில்தான் நிறைவேறியது. ஊரின் பெயர் தலைநகரின் நடுவில் இருக்கிறது. ஊரோ பெருநகர எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறது.

அந்த எல்லை நகர்ந்துகொண்டே வருகிறது. சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2018-இல் அதை 8,878 சதுர கிலோமீட்டராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டு, 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டர் என அரசாணை வெளியானது. மேற்கே அரக்கோணம் வரை செல்லும் இவ்வெல்லை தெற்கே செங்கல்பட்டு மாவட்டத்திற்குள் முடிகிறது. அடுத்த விரிவாக்கம் எங்கே நிற்கும் என்ற கேள்வி திண்டிவனத்துச் சேரிகளுக்கும் உரியது. ஒரு சிற்றூர் எவ்வாறு நகரத்தின் கணக்கில் சேர்கிறது, அப்போது சேரிக்கு என்ன கிடைக்கிறது, எது பறிபோகிறது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

ஓர் எல்லையல்ல, மூன்று எல்லைகள்

'எங்கள் ஊர் நகரத்தோடு சேர்ந்துவிட்டது' என்று மக்கள் சொல்லும்போது, அது மூன்று வெவ்வேறு நிகழ்வுகளில் ஒன்றைக் குறிக்கலாம். மூன்றையும் செய்பவர்கள் வேறு, சட்டங்கள் வேறு, விளைவுகளும் வேறு.

முதலாவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரையும் எல்லை. ஊராட்சியாகவே இருக்கும் ஒரு கிராமத்தைக் கணக்கெடுப்புத் துறை 'கணக்கெடுப்பு நகரம்' என வகைப்படுத்தலாம். அதற்கு மூன்று அளவுகோல்கள் உண்டு: குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர் என்ற அடர்த்தி, முதன்மை உழைப்பாளர்களான ஆண்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருத்தல். இவை நகரை ஒட்டித் தொடர்ச்சியாக அமைந்தால் 'நகர்ப்புறத் திரள்' என்ற கணக்கில் சேரும். 2011-இல் சென்னை மாநகராட்சியில் எண்ணப்பட்டவர்கள் 46 லட்சத்திற்குச் சற்று மேல். நகர்ப்புறத் திரளாக எண்ணியபோதோ அந்த எண் 86 லட்சத்தைத் தாண்டியது.

இரண்டாவது, திட்டமிடலின் எல்லை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அதிகாரம் இதற்குள் செல்லும். எந்த நிலம் வேளாண் நிலம், எது குடியிருப்பு, எது தொழிற்பகுதி, சாலை எவ்வழியே செல்லும் என்பவற்றை முழுமைத் திட்டம் முடிவு செய்கிறது. குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு ஆகியவற்றின் பொறுப்பு ஊராட்சியிடமே நீடிக்கும்.

மூன்றாவது, உள்ளாட்சியின் எல்லை. ஊராட்சி கலைக்கப்பட்டு நகராட்சியுடனோ மாநகராட்சியுடனோ இணைக்கப்படுகிறது. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் அதற்குள் கரைந்தன.

எண்ணும் முறையில் மறையும் சேரி

முதல் எல்லையைச் சற்று உற்று நோக்குவோம். கணக்கெடுப்பு நகரத்திற்கான தொழில் அளவுகோல் ஆண்களை மட்டுமே பார்க்கிறது. ஒரு சேரியின் ஆண்கள் கட்டட வேலைக்கும் தொழிற்சாலை ஒப்பந்த வேலைக்கும் சென்றுவிட, பெண்கள் உள்ளூரில் நாற்று நட்டும் களை பறித்தும் பிழைக்கிறார்கள் எனக் கொள்வோம். அளவுகோலின்படி அவ்வூர் வேளாண்மையை விட்டு விலகிய ஊர். வயலில் நிற்கும் தலித் பெண்ணின் உழைப்பு, ஊரின் தன்மையை முடிவு செய்யும் கணக்கில் இடம்பெறுவதே இல்லை.

அமெரிக்காவில் ஒரு மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் மைய நகருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்கிறார்கள் என்பதைக் கொண்டே அதைப் பெருநகரப் பகுதியில் சேர்க்கிறார்கள். நான்கில் ஒரு பங்கு உழைப்பாளர்கள் என்பது அங்குள்ள பொது அளவு. நம் நாட்டில் கட்டடங்களின் தொடர்ச்சியே முதன்மையாகக் கொள்ளப்படுகிறது. நகரைக் கட்டும் உழைப்பு எங்கிருந்து வருகிறது என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

இன்னொரு மறைவும் உண்டு. கணக்கெடுப்பின் அடிப்படை அலகு வருவாய்க் கிராமம். ஊரும் சேரியும் அதில் ஒரே பெயரில் அடங்கும். கிராமத்தில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்பது பதிவாகும். குடிநீர்க் குழாய் ஊர்த்தெருவோடு நின்றுவிட்டதா, காலனிக்கும் வந்ததா என்பது கிராம அளவிலான வசதிப் பட்டியலில் தெரியாது. 'குடிநீர் உண்டு' என்ற ஒரே பதில் இரண்டுக்கும் பொருந்திவிடும். 2011 கணக்கெடுப்பின்படி, அன்றைய பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்ட மக்களில் 29 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் பட்டியல் சாதியினர். நகர்ப்புற மக்களோ சுமார் 15 விழுக்காடு மட்டுமே. இத்தகைய மாவட்டத்தில் கிராமங்களை எவ்வாறு எண்ணுகிறோம் என்பது தலித்துகளை எவ்வாறு எண்ணுகிறோம் என்ற கேள்வியேதான்.

நிலம் முதலில் சேர்கிறது

திட்டமிடல் எல்லை வந்ததும் முதலில் மாறுவது நிலத்தின் மதிப்பு. ஏரிப் புறம்போக்கிலும் மேய்க்கால் நிலத்திலும் பட்டா இன்றிக் குடியிருக்கும் குடும்பங்களின் மேல் பார்வை விழுகிறது. பஞ்சமி நிலம் இன்னும் பெரிய கேள்வி. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட நிலங்கள் அவை. அதே செங்கல்பட்டு வட்டாரத்தில்தான், காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தனர். கைமாறிப்போன பஞ்சமி நிலம் மீட்கப்படுவதற்கு முன்பே அதன்மீது மனைப்பிரிவுகளும் தொழிற்பகுதிகளும் வரையப்பட்டுவிட்டால், மீட்பு மேலும் கடினமாகும்.

நிலம் கையகப்படுத்தப்படும்போதும் எல்லை பேசுகிறது. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி ஊரகப் பகுதியில் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையிலான காரணியால் பெருக்க வேண்டும். நகர்ப்புறத்தில் அந்தக் காரணி 1 மட்டுமே. எனவே ஊர் எந்த நாளில் நகர்ப்புறமாகிறது என்பது இழப்பீட்டுத் தொகையையும் மாற்றக்கூடியது.

வெளியே தள்ளப்பட்டு, பிறகு எண்ணப்பட்டவர்கள்

எல்லைக்கும் சாதிக்கும் உள்ள உறவைச் சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதிகள் தெளிவாகக் காட்டுகின்றன. 2000-ஆம் ஆண்டு முதல் நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய்க் கரைகளிலிருந்தும் அகற்றப்பட்டோர் கண்ணகி நகரிலும் பின்னர் செம்மஞ்சேரியிலும் குடியமர்த்தப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அப்போது அவ்விடங்கள் மாநகராட்சிக்கு வெளியே இருந்தன. அதாவது, மாநகரவாசிகளாக இருந்தவர்கள் ஊராட்சிவாசிகளாக்கப்பட்டனர். 2011 விரிவாக்கத்தில் அவ்விரு இடங்களும் மீண்டும் மாநகராட்சிக்குள் வந்தன. அடுத்துப் பல்லாயிரம் குடும்பங்களுக்கெனக் குடியிருப்புகள் எழுந்த பெரும்பாக்கமோ அவ்விரிவாக்கத்தில் சேராமல் ஊராட்சியாகவே நின்றது. பெருநகரத் திட்டப் பகுதிக்குள் இருந்தும் மாநகராட்சிக்கு வெளியே இருப்பது என்றால் என்ன என்பதற்கு அதுவே சான்று.

இணைப்பின் வரவும் செலவும்

உள்ளாட்சி இணைப்பை நாம் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கவில்லை. கிராமத்தைப் புனிதமாகப் போற்றியவர்களை அரசமைப்பு அவையிலேயே மறுத்தவர் அண்ணல் அம்பேத்கர். ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கும் அமைப்பிலிருந்து விடுபட நகரம் ஒரு வழியாக இருக்கலாம். பாதாளச் சாக்கடை, குடிநீர், பேருந்து, மருத்துவமனை ஆகியவை நமக்கும் வேண்டும். ஆனால் நகரம் என்ற பெயர் மட்டும் பாதுகாப்பைத் தந்துவிடாது. 1978 ஜூலையில் 12 தலித்துகள் படுகொலை செய்யப்பட்டது விழுப்புரம் நகரத்தில்தான்.

இழப்புகளை வரிசையாகப் பார்ப்போம். ஊரக வேலை உறுதி என்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே ஊரகத்திற்கு மட்டும் உரியது. ஊராட்சி கலைந்தால் அந்த உரிமையும் போகும். 2025 தொடக்கத்தில் பல ஊராட்சிகளை நகர்ப்புற உள்ளாட்சிகளோடு இணைக்கும் அறிவிப்புகள் வந்தபோது, நூறு நாள் வேலை போய்விடும், வரி உயரும் என்று மக்கள் மறியலில் இறங்கியது இதனால்தான். நிலமற்ற தலித் பெண்களுக்கு இது அன்றாட உணவின் கேள்வி.

அடுத்தது கிராம சபை. குத்தம்பாக்கம் பெருநகரத் திட்டப் பகுதிக்குள் இருந்த ஊராட்சி. அங்கே 1996-இல் தலித் தலைவராகத் தேர்வான இளங்கோ ரங்கசாமி, கிராம சபையை மையமாக வைத்தே ஊரை நடத்திக் காட்டினார். நகரக் குப்பைக்கு அவ்வூர் நிலத்தைத் தேர்ந்தபோது எதிர்த்து நிற்கவும் ஊராட்சி என்ற அமைப்பு துணையாக இருந்தது. அந்த அமைப்பு கலைந்தபின் நகராட்சி மன்றத்தில் ஒரு வார்டு உறுப்பினரின் குரல் மட்டுமே மிஞ்சும்.

மூன்றாவது, அரசியல் பங்கு. 3,000 பேர் வாழும் ஓர் ஊராட்சியில் 1,000 பேர் தலித்துகள் எனக் கொள்வோம். அங்கே அவர்கள் மூன்றில் ஒரு பங்கு. தலைவர் பதவி ஒதுக்கீட்டில் வரும்போது ஊரையே ஆளலாம். அதே ஊராட்சி, 2011-இல் ஏறத்தாழ 73,000 பேர் வாழ்ந்த திண்டிவனம் போன்ற நகராட்சியோடு சேர்ந்தால், அவர்கள் நூற்றில் ஒன்றரைப் பேர்கூட இல்லை. காலனியை ஒரே வார்டில் வைக்கிறார்களா, இரண்டாக வெட்டி இரு வார்டுகளில் ஒட்டுகிறார்களா என்பதே இனி அவர்களது பலத்தை முடிவு செய்யும். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்தாண்டுகள் தேர்தலே நடத்தவிடாமல் தடுக்கப்பட்ட, மேலவளவில் 1997-இல் முருகேசனின் உயிரையே பறித்த பதவி, ஊராட்சித் தலைவர் பதவி. அதை ஓர் அறிவிப்பால் கலைக்கும்போது ஈடாக என்ன தரப்படுகிறது என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

நாம் கேட்க வேண்டியவை

2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என ஒன்றிய அரசு அறிவித்துள்ளது. அடுத்த வார்டு வரையறைகளும் ஒதுக்கீடுகளும் அந்த எண்களின்மேல் எழும். எனவே எல்லை குறித்து அறிவிப்பு வரும்போது சேரியிலிருந்து எழ வேண்டிய கேள்விகள் இவை: மாறுவது மூன்று எல்லைகளில் எது? ஊராட்சி கலைகிறதா, நிலப்பயன்பாடு மட்டும் மாறுகிறதா? இழக்கும் வேலை உறுதிக்கு ஈடாக நகர்ப்புற வேலைத் திட்டம் உண்டா? வார்டு எல்லை காலனியைப் பிளக்கிறதா? பஞ்சமி நிலமும் புறம்போக்குக் குடியிருப்புகளும் வரைபடத்தில் எவ்வாறு காட்டப்பட்டுள்ளன?

இணைப்புக்கான வரைவு அறிவிப்பின்மீது மறுப்பும் கருத்தும் தெரிவிக்கச் சட்டம் காலக்கெடு தருகிறது. பெருநகரத் திட்டக் குழுவின் உறுப்பினர்களில் குறைந்தது மூன்றில் இரு பங்கினர் உள்ளாட்சிகளின் மக்கள் பிரதிநிதிகளால் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது அரசமைப்பின் 243-இசட்இ பிரிவு. கிராம சபை இருக்கும்வரை அதில் தீர்மானம் இயற்றலாம். காலனியின் வீடுகள், குழாய்கள், பட்டாக்கள், நிலங்கள் ஆகியவற்றின் பட்டியலை நாமே தயாரித்து மறுப்புரையோடு இணைக்கலாம். எல்லை ஓமந்தூரை எட்டப் பல்லாண்டுகள் ஆகலாம். திண்டிவனத்தைச் சுற்றியுள்ள சேரிகள் அப்பட்டியலை எழுதத் தொடங்க வேண்டிய நேரம், எல்லை வருவதற்கு முந்தைய இந்தக் காலம்தான்.