"நான்" என்னும் சொல்லும் இயேசுபெருமானும்

திருவள்ளுவர் துறவு என்னும் அதிகாரத்திலே "நான்", "எனது" என்னும் இரண்டையும் மனிதனைப் பிணிக்கும் செருக்கென எண்ணி, அவற்றை ஒழித்தவர்க்கே மேலான உலகம் உண்டென்று அறிவுறுத்தினார். சைவ சித்தாந்த நூலோரும் உயிரைப் பற்றிய மலங்களுள் ஆணவத்தையே மூலமலம் என்றனர். இவ்வாறு "நான்" என்பதை அடக்குதலே ஞானத்தின் அடையாளமெனக் கேட்டு வளர்ந்த ஒருவர் யோவான் எழுதிய சுவிசேஷத்தை முதன்முறை படிப்பாராயின், அவருக்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பே. தாழ்மையைப் போதித்த இயேசுபெருமான், "நானே", "நானே" என்று தம்மைக் குறித்து இத்துணைமுறை கூறியது எங்ஙனம்? பல சமயத்து மாணவரும் உடனுறைந்து பயிலும் நம் கல்லூரியில், இவ்வினாவைக் கேளாதார் போல நாம் கடந்து செல்லுதல் தகாது.

முதலாவது, அவர் தமக்கு வழங்கிக்கொண்ட பெயர்களை நோக்குவாம். நான்கு சுவிசேஷங்களிலும் ஏறக்குறைய 80 இடங்களில் "மனுஷகுமாரன்" என்னும் பெயர் வருகின்றது; பெரும்பாலும் அவர்தம் வாய்மொழியாகவே வருகின்றது. அவர் பேசிய அரமேய மொழியில் அதற்கு மனிதன் என்பதே நேர்பொருள். ஆயினும் தானியேல் தீர்க்கதரிசியின் நூலில், மனித வடிவினர் ஒருவர் வானத்து மேகங்களோடு வந்து அழியாத அரசுரிமை பெறுகின்றார். ஆகவே அப்பெயர் எளிமையையும் மேன்மையையும் ஒருங்கே தாங்கி, கேட்பவரைச் சிந்திக்கவைக்கும் பெயராயிற்று. பிலிப்புச் செசரியாவின் அருகே பேதுரு அவரைக் கிறிஸ்து என்று அறிக்கையிட்டபொழுது, அதனை ஒருவருக்கும் சொல்லலாகாது என்று அவர் கட்டளையிட்டதாக மாற்கு எழுதுகின்றார். தம் உள்ளத்தைக் குறித்து அவர் கூறியதாக மத்தேயு எழுதுவது சாந்தமும் மனத்தாழ்மையுமே. அதுவும் பாரம் சுமந்து இளைத்தவரை அழைக்குமிடத்துக் கூறியது. பந்தியில் அமர்ந்திருப்பவரைப் போலன்றிப் பணிவிடை செய்பவரைப் போலத் தாம் அவர்கள் நடுவில் இருப்பதாக அவர் கூறியதை லூக்கா குறிக்கின்றார்.

யோவான் சுவிசேஷத்தின் நடை வேறு. அப்பம், ஒளி, வாசல், மேய்ப்பன், உயிர்த்தெழுதல், வழி, திராட்சச்செடி என்று ஏழு உருவகங்களால் அவர் ஆங்குத் தம்மை விளக்குகின்றார். கிரேக்க மூலத்தில் ஏழிடத்தும் "எகோ எய்மி" என்னும் தொடர் நிற்கின்றது. கிரேக்கத்திலும் தமிழைப் போலவே வினைமுற்றின் விகுதி இடத்தை உணர்த்துமாதலின், "நான்" என்னும் பெயரைத் தனியே கூறாதொழியலாம். கூறின் அஃது அழுத்தம் பெறும். அவ்வழுத்தத்தையே தமிழ் மொழிபெயர்ப்பாளர் பலவிடத்தும் தேற்றேகாரம் சேர்த்து "நானே" என்று தந்தனர். மோசேக்குக் கடவுள் வெளிப்படுத்திய திருநாமத்தின் எதிரொலியும் இத்தொடரில் உண்டென்று உரையாசிரியர் பலர் கருதுவர். இச்சுவிசேஷம் முதல் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுந்ததாகலின், பெருமானுடைய சொல்லோடு ஆதித் திருச்சபையாரின் தியானமும் கலந்துள்ளது என்பது அறிஞர் பலருடைய கருத்து. அதனை மறைத்தல் வேண்டா. எவ்வாறாயினும், அச்சொற்கள் எவரிடத்து, எவ்வேளையில் கூறப்பட்டனவாக வைக்கப்பட்டுள்ளன என்பதே நம் வினாவுக்குத் திறவுகோலாம்.

அப்பம் என்று அவர் தம்மைக் கூறியது, பசித்த ஐயாயிரம் பேரை உண்பித்தபின். உயிர்த்தெழுதல் என்று கூறியது, சகோதரனை இழந்த மார்த்தாளுக்கு. வாசல் என்றது ஆட்டுத்தொழுவத்தைச் சுட்டி. நம் நாட்டில் அறுவடை தீர்ந்த வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்துவோர், படல்களாற் பட்டி கட்டி, இரவெல்லாம் அதனருகே விழித்திருந்து காப்பதை அறிந்தோர்க்கு இதன் கருத்து எளிதில் விளங்கும். அப்பம் பிறர் உண்ணத் தான் அழிவது. வாசல் பிறர் புகத் தான் நிற்பது. ஒளி பிறபொருளைக் காட்டுவது. நல்ல மேய்ப்பனோ ஆடுகளுக்காக உயிரையே கொடுப்பவன். இவற்றுள் தன்பொருட்டு இருப்பது ஒன்றேனும் உண்டோ?

இவற்றுள் மிகுந்த வாதத்திற்கு இடமாயது வழி என்னும் உருவகம். தம்மாலன்றி எவரும் பிதாவினிடத்துச் சேரார் என்று அவர் அங்கே கூறுதலின், பிற சமயத்தார்க்கு அது கடுமையாகத் தோன்றும். ஆயின் அது வாதசபையில் எதிரிகளை நோக்கிக் கூறியதன்று. மரணத்திற்கு முந்திய இரவில், போகுமிடமும் அறியோம், வழியும் அறியோம் என்று கலங்கிய தோமாவுக்குக் கூறிய விடை. கடற்கரை நிலையத்தினின்று தாம்பரம் வருகின்ற மின்சார இரயிலில் நாம் கடந்து வரும் பரங்கிமலையே, அத்தோமா உயிர்நீத்த இடமென மரபு வழங்கும் மலை. வழி தெரியவில்லையென்று ஒளியாது கேட்ட சீடர் அவ்வழியே சென்று இத்துணைத் தூரம் வந்தார் என்று அம்மரபு நமக்கு நினைப்பூட்டுகின்றது.

இன்னுமொன்று காண்க. வள்ளுவர் "நான்" என்பதோடு "எனது" என்பதையும் சேர்த்தே கடிந்தார். இயேசுபெருமானோ "நான்" என்றாரேயன்றி "எனது" என்று எதனையும் பற்றிக்கொண்டாரல்லர். தம் உபதேசம் தம்முடையதன்று, அனுப்பினவருடையது என்றார். தாமாக ஒன்றும் செய்வதில்லை என்றார். கெத்செமனேயில் தம் சித்தத்தையும் பிதாவுக்கே விட்டுக்கொடுத்தார். போதகரும் ஆண்டவருமென்று தம்மை அழைத்தல் தகுமென ஒப்புக்கொண்ட அவ்விரவிலேயே சீடருடைய கால்களைக் கழுவினார். "எனது" நீங்கிய இத்தகைய "நான்" ஆணவமாதல் யாங்ஙனம்?

நம் கல்லூரி தாம்பரத்திற்கு வந்தது 1937-ஆம் ஆண்டு. அடுத்த ஆண்டு டிசம்பர் மாதத்தில், சர்வதேச மிஷனெரி சங்கத்தின் மகாநாடு இவ்வளாகத்திலேயே கூடிற்று. அதற்கென நூலெழுதிய ஹாலந்து தேசத்து ஹெண்ட்ரிக் கிரேமர், கிறிஸ்துவில் விளங்கிய வெளிப்பாடு சமயங்கள் அனைத்தினின்றும் வேறானது என்று வற்புறுத்தினார். நம் கல்லூரியிற் பயின்ற சக்கரை, செஞ்சையா முதலியோர் அவ்வாண்டிலேயே வேறொரு நூல் வெளியிட்டு, இந்தியரின் ஆன்ம அனுபவத்தைக்கொண்டே இயேசுவை உணர்தல் வேண்டும் என்றனர். இயேசுவை அவதாரமென விளக்கிச் சக்கரை 1926-ஆம் ஆண்டிலேயே நூலியற்றியிருந்தார். இரு திறத்தாரும் வேறுபட்டது, அவர் தம்மை யாரென்று கூறினார் என்பதை எம்மொழியால் விளங்கிக்கொள்வது என்பதிலேயாம்.

நாம் இதுகாறும் கூறியவை அவருடைய சொல் செருக்கன்று என்பதையே காட்டும். அது மெய்யென்று நிறுவிவிடா. அதனை ஏற்பதும் ஏலாமையும் அவரவர் உள்ளத்தின் தீர்ப்பாம். ஐயமுற்ற நண்பர் வினவும்போது, கிறிஸ்தவராகிய நாம் அவ்வுருவகங்களை எடுத்தோதுதல் எளிது. ஆயின் பசித்தவர்க்கு அப்பமும் துயருற்றவர்க்குத் துணையும் ஆகாமல், "எங்கள் வழி", "எங்கள் ஒளி" என்று நாம் முழங்குவோமாயின், அவர் விட்ட "எனது" என்பதை நாம் எடுத்துக்கொண்டவராவோம். அந்நண்பர் கேட்ட வினா அப்பொழுது அவரை விட்டு நம்மையே சாரும்.