மீன்கொத்தியும் டெலிகன்வெர்ட்டரும்

ராஜஸ்தான் மாநிலம் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் குளிர்காலக் காலைப்பொழுது விரைந்து விடிவதில்லை. கதிரவன் எழுந்த பின்னரும் மூடுபனி நீர்நிலைகளின்மேல் தங்கியிருக்கும். அந்த மங்கிய ஒளியில், கரையிலிருந்து 30 மீட்டர் தொலைவில், கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று நீருக்குமேல் சிறகடித்தபடி ஒரே இடத்தில் நிற்கிறது. அதன் அலகு கீழ்நோக்கி இருக்கிறது. சில நொடிகளில் அது தலைகீழாக நீருக்குள் பாயும். கரையில் நிற்கும் நிழற்படக் கலைஞரின் லென்ஸ் அத்தொலைவுக்குப் போதாது. அவருடைய பையில் உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிக் குழல் ஒன்று இருக்கிறது. டெலிகன்வெர்ட்டர் என்பது அதன் பெயர். அதனை இப்போது பொருத்துவதா, பையிலேயே விடுவதா? அக்குழல் எதனைத் தருகிறது, எதனை எடுத்துக்கொள்கிறது என்பதை அறிந்தவரே இதற்கு விடை கூற இயலும்.

ஆக்ராவிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இப்பூங்கா ஒருகாலத்தில் பரத்பூர் மன்னர்களின் வாத்து வேட்டைக் களமாக இருந்தது. வேட்டைக் கணக்குகள் பொறிக்கப்பட்ட கல் இன்றும் அங்கே நிற்கிறது. 1938ஆம் ஆண்டில் வைசிராய் லின்லித்கோ பிரபு பங்கேற்ற ஒரு நாள் வேட்டையில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. யுனெஸ்கோ 1985ஆம் ஆண்டில் இவ்விடத்தை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. துப்பாக்கிகள் இருந்த இடத்தில் இப்போது நிழற்படக் கருவிகள் நீள்கின்றன. பார்வையாளர்களை ரிக்‌ஷாக்களில் அழைத்துச் செல்லும் ஓட்டுநர்கள் பலர் பறவைகளின் பெயரையும் பழக்கத்தையும் நன்கு அறிந்தவர்கள்.

டெலிகன்வெர்ட்டர் என்பது லென்ஸுக்கும் நிழற்படக் கருவிக்கும் இடையில் பொருத்தப்படும் துணைக்கருவி. லென்ஸ் ஒளிக்கதிர்களைக் குவிக்கிறது. டெலிகன்வெர்ட்டரோ குழிவில்லையைப் போலச் செயல்பட்டு, குவிந்துவரும் கதிர்களைச் சற்று விரித்து அனுப்புகிறது. அதனால் கருவியினுள் விழும் பிம்பம் பெரிதாகிறது. 1.4 மடங்கு, 2 மடங்கு என இருவகை டெலிகன்வெர்ட்டர்கள் பெரிதும் வழக்கில் உள்ளன. 300 மில்லிமீட்டர் குவியத்தூரம் உடைய லென்ஸ், முதல் வகையுடன் 420 மில்லிமீட்டராகவும், இரண்டாம் வகையுடன் 600 மில்லிமீட்டராகவும் மாறுகிறது. பெரிய லென்ஸ் ஒன்றைச் சுமக்காமலும், அதற்குரிய பெரும்பொருளைச் செலவிடாமலும் கிடைக்கும் பயன் இது.

ஆனால் லென்ஸினுள் நுழையும் ஒளி கூடுவதில்லை. இதனைத் தோசை வார்ப்பவரிடமே கேட்டறியலாம். ஒரு கரண்டி மாவைச் சிறிய வட்டமாக ஊற்றினால் தோசை தடிமனாக இருக்கும். அதே ஒரு கரண்டி மாவை இருமடங்கு விட்டத்திற்குத் தேய்த்தால் பரப்பு நான்கு மடங்காகும். தடிமன் கால் பங்காகும். விட்டத்தை 1.4 மடங்கு ஆக்கினால் பரப்பு ஏறத்தாழ இருமடங்காகும், தடிமன் பாதியாகும். ஒளிக்கும் இதே கணக்குத்தான். 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் பிம்பத்தின் ஒளிச்செறிவைப் பாதியாகக் குறைக்கிறது. 2 மடங்குடையது கால் பங்காகக் குறைக்கிறது. துளை எண் 4 உடைய லென்ஸ், முதல் வகையுடன் 5.6 ஆகவும் இரண்டாம் வகையுடன் 8 ஆகவும் ஆவது இதனால்தான். துளை எண் கூடக்கூட ஒளி குறையும்.

அசையாத பொருளைப் படமெடுப்பவருக்கு இந்த இழப்பு பெரிதன்று. மரக்கிளையில் உறங்கும் ஆந்தைக்கு ஷட்டரைச் சற்று நீண்ட நேரம் திறந்து வைக்கலாம். முக்காலி இருந்தால் போதும். பாயும் மீன்கொத்தி அந்த நேரத்தைத் தருவதில்லை. பறவை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பாய்வதாகக் கொள்க. ஷட்டர் நொடியின் 2000இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் பறவை 5 மில்லிமீட்டர் நகரும். படத்தில் அலகின் முனை கூர்மையாகத் தோன்றும். டெலிகன்வெர்ட்டரால் ஒளி கால் பங்கானபின், அதே வெளிச்சத்தில் ஷட்டரை நான்கு மடங்கு நேரம், அதாவது நொடியின் 500இல் ஒரு பங்கு நேரம், திறக்க நேர்கிறது. அதற்குள் பறவை 2 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்.

இத்துடன் கணக்கு முடியவில்லை. இதனைப் பலரும் மறந்துவிடுகின்றனர். டெலிகன்வெர்ட்டர் பறவையை மட்டும் பெரிதாக்குவதில்லை. பறவையின் நகர்வையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. நேரம் நான்கு மடங்கு, பெருக்கம் இரண்டு மடங்கு. ஆகவே பிம்பத்தில் விழும் மங்கல் எட்டு மடங்கு. கையின் நடுக்கமும் அவ்வாறே பெருகும். வாங்கிய முதல் நாளிலேயே படங்கள் தெளிவில்லை என்று டெலிகன்வெர்ட்டரின் கண்ணாடியைப் பழிப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் பழி சேரவேண்டிய இடம் ஷட்டர் வேகமே.

ஷட்டர் வேகத்தைக் குறைக்க விரும்பாதவர் ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்திறன் எண்ணை உயர்த்தலாம். மீன்கொத்திக்கு 1600 போதுமாக இருந்த காலையில், 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டருடன் 3200உம், 2 மடங்குடன் 6400உம் தேவைப்படும். எண் உயர உயரப் படத்தில் மணலைத் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும். ஆயினும் புள்ளிகள் உள்ள கூர்மையான படம், புள்ளிகளற்ற மங்கலான படத்தைவிட மேலானது. புள்ளிகளைப் பின்னர் கணினியில் ஓரளவு குறைக்கலாம். நகர்ந்து கலைந்த கண்ணை மீட்க முடியாது.

தானியங்கிக் குவியத்திற்கும் ஒளி வேண்டும். பழைய வகைக் கருவிகள் பல, துளை எண் 5.6ஐத் தாண்டினால் குவியம் காணத் திணறும். சில கருவிகளில் 8 வரையில் நடுப்புள்ளி மட்டும் வேலை செய்யும். கண்ணாடியற்ற புதிய கருவிகள் இதில் மேம்பட்டவை. எனினும் மங்கிய ஒளியில் அவற்றின் வேகமும் குறையும். டெலிகன்வெர்ட்டர் பொருத்தப்பட்டதும், குவியம் துல்லியமாக அமைவதற்காக லென்ஸ் மோட்டாரின் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும் கருவிகளும் உண்டு. பறவை நீரைத் தொட்ட பின்னர் குவியம் வந்து என்ன பயன்?

காட்சிப் பரப்பும் சுருங்கும். 36 மில்லிமீட்டர் அகல உணரி உடைய கருவியில், 30 மீட்டர் தொலைவில் 300 மில்லிமீட்டர் லென்ஸ் 3.6 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது. 600 மில்லிமீட்டரில் அது 1.8 மீட்டர் மட்டுமே. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள மீன்கொத்திக்கு அது தாராளம். ஆனால் அதே தொலைவில் மஞ்சள் மூக்கு நாரை பறந்து வந்தால், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் விரியும் அதன் சிறகுகள் சட்டத்தை முட்டும். சற்றுத் தவறினால் சிறகு முனை வெட்டுப்படும். பறவையைக் காட்சிக்குள் பிடிப்பதே பாதி வேலை. பழகியவர்கள் முதலில் அதே தொலைவில் உள்ள மரக்கிளையிலோ நாணலிலோ குவியத்தை அமைத்துக்கொள்வர். அண்மைத் தொலைவுகளில் குவியம் தேடாதவாறு தடுக்கும் பொத்தானை லென்ஸில் இயக்குவர். பின்பு, மீன்கொத்தி சிறகடித்து நிற்கும் அந்தச் சில நொடிகளிலேயே அதனைப் பிடித்துவிடுவர். பாயத் தொடங்கியபின் தேடுபவருக்குக் கிடைப்பது நீர்த்தெறிப்பு மட்டுமே.

அப்படியானால் டெலிகன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, எடுத்த படத்தைப் பின்னர் வெட்டிப் பெரிதாக்கினால் ஆகாதா? பல வேளைகளில் ஆகும். 24 மெகாபிக்சல் படத்தை இருமடங்கு பெரிதாகுமாறு வெட்டினால் 6 மெகாபிக்சல் எஞ்சும். பள்ளி ஆண்டு மலரின் ஒரு பக்கத்திற்கு அது போதும். வெட்டும்போது மணற்புள்ளிகளும் உடன் பெரிதாவதால், அவ்வகையில் இருவழிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நல்ல வெயிலில் கிளையில் அமர்ந்த பறவையின் இறகு நுணுக்கங்களைக் காட்டுவதில் டெலிகன்வெர்ட்டர் முந்தும். மூடுபனியில் பாயும் பறவையிடம் வெட்டும் வழியே முந்தும். ஏனெனில் குவியமும் விரைவாகக் கிடைக்கும், பறவை காட்சியைவிட்டு நழுவுவதும் குறையும். இரண்டுக்கும் நடுவே 1.4 மடங்குடையது நிற்கிறது. வேகமாக இயங்கும் பறவைகளுக்கு 2 மடங்குடையதைவிட இதுவே பெரும்பாலும் உதவும்.

எல்லா லென்ஸ்களுடனும் டெலிகன்வெர்ட்டர் பொருந்தாது. அதன் முன்புறக் கண்ணாடி வெளியே நீண்டிருப்பதுண்டு. பொருந்தாத லென்ஸில் வலிந்து திருகினால் கண்ணாடியோடு கண்ணாடி மோதும். பரத்பூரின் புழுதிப் பாதையில் அடிக்கடிக் கழற்றி மாட்டுவதும் நன்றன்று. உணரியில் தூசி படியும்.

இருப்பினும், டெலிகன்வெர்ட்டரைத் தயக்கமின்றிப் பொருத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு. மழைக்காலத்தையொட்டி மஞ்சள் மூக்கு நாரைகள் இப்பூங்காவில் கூட்டமாகக் கூடு கட்டும். கடும் வெயிலில் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குடைபோல நின்று குஞ்சுகளுக்கு நிழல் தரும். மனிதர் நெருங்கினால் அது எழுந்து பறந்துவிடக்கூடும். குஞ்சுகள் வெயிலுக்கும் பருந்துக்கும் இரையாகும். அங்கே ஒளி மிகுதி, பறவையும் அசையாது; பாதையைவிட்டு ஓரடி கூட இறங்காமல் 2 மடங்குடையது அக்காட்சியைக் கொண்டுவரும். தமிழகத்தில் திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளத்தில் இதே நாரைகள் வீடுகளை அடுத்த மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. விடுமுறையில் அங்குச் செல்வோருக்கு டெலிகன்வெர்ட்டர் பல நேரங்களில் தேவைப்படுவதே இல்லை.

கேவலாதேவில் மூடுபனி இன்னும் விலகவில்லை. நிழற்படக் கலைஞர் பையைத் திறக்கவில்லை. ஷட்டரை நொடியின் 2000இல் ஒரு பங்கில் நிறுத்தி, சிறகடித்து நிற்கும் மீன்கொத்தியின் கண்ணில் குவியத்தை அமைக்கிறார். பறவை சிறகை மடக்கிப் பாய்கிறது. கருவி தொடர்ந்து சொடுக்குகிறது. சட்டத்தின் நடுவில் பறவை சிறியதாகவே இருக்கிறது. அலகில் மீனும் இருக்கிறது.

சொற்பொருள்
குவியத்தூரம் – லென்ஸின் மையத்திற்கும், தொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் குவியும் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம்
உணரி – நிழற்படக் கருவியினுள் ஒளியைப் பதிவு செய்யும் தகடு
ஒளிச்செறிவு – குறிப்பிட்ட பரப்பில் விழும் ஒளியின் அளவு

பயிற்சி
1. குவியத்தூரம் 400 மில்லிமீட்டர், துளை எண் 4 உடைய லென்ஸில் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டரைப் பொருத்தினால் அவ்விரண்டும் எவ்வாறு மாறும்?
2. பிம்பத்தின் மங்கல் எட்டு மடங்காவது எவ்வாறு? உம் சொந்த நடையில் விளக்குக.
3. பள்ளி விளையாட்டு விழாவில் மாலை நேர ஓட்டப்பந்தயத்தைப் படமெடுக்கச் செல்பவருக்கு நீவிர் கூறும் அறிவுரை யாது? காரணத்துடன் ஒரு பத்தி எழுதுக.