மின் ஓவன், எரிவாயு அடுப்பு: வீட்டு இணைப்பில் பாதுகாப்பு

மின் ஓவனும் மேடையில் பதிக்கும் எரிவாயு அடுப்பும் (ஹாப்) புதிய சமையலறைகளில் பெரும்பாலும் ஒன்றன்கீழ் ஒன்றாகவே அமைகின்றன. சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி. காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையை ஒட்டியே, ஓவனின் பிளக் இருக்கும் அலமாரியிலும் தேங்கும். காற்றில் அது சுமார் 2 விழுக்காடு கலந்தாலே ஒரு சிறு தீப்பொறி போதும். ஆகவே இரு இணைப்புகளையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

மின் இணைப்பு

இந்தியாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 3,000 வாட் ஓவன் சுமார் 13 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டும் விளக்குகளுக்கான மெல்லிய வயரும் இதைத் தாங்காமல் சூடேறி உருகும். மின் பெட்டியிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி., 16 ஆம்பியர் சாக்கெட் ஆகியவை தேவை. சுவிட்ச் மேடைக்கு மேலே, கைக்கு எட்டும்படி இருப்பது நல்லது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும்.

ஓவன் வயரில் நீலம் நியூட்ரல். ஆனால் மும்முனை இணைப்புள்ள வீட்டுச் சுவரில் நீல வயர் உயிர்மின் வயராகவும் இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பாமல், மெயினை அணைத்துச் சோதித்த பிறகே வயரைத் தொட வேண்டும். இதை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும்.

எர்த்

பலாவும் முந்திரியும் விளையும் பண்ருட்டிப் பகுதியின் செம்மண் மேட்டுநிலம் கோடையில் நன்கு காய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் மின்தடை கூடும். எர்த் குழி இருந்தும் பயன் குறையும். குழிக்கு அவ்வப்போது நீர் ஊற்றி, எர்த் தடையை அளந்து பார்ப்பது அவசியம்.

எரிவாயு இணைப்பு

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள குழாயையே பயன்படுத்த வேண்டும். அது ஓவனின் பின்புறச் சூட்டில் படக்கூடாது. அலமாரியின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் வேண்டும். மூட்டுகளைச் சோப்பு நீர் பூசிச் சோதிக்கலாம், தீக்குச்சி கூடாது.

கசிவு வாடை வந்தால்

எந்தச் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. இரண்டிலும் பொறி எழும். ரெகுலேட்டரை மூடி, கதவு, சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேற வேண்டும். வெளியே வந்த பின்னரே 1906 என்ற எரிவாயு அவசர எண்ணை அழைக்க வேண்டும்.