சொல் கேளாத குட்டி



பங்குக் குருவின் இல்லக் கதவைத் தட்டி வரும் வழக்குகள் பலதரப்பட்டவை. கணவன் மனைவி பிணக்கு, அண்ணன் தம்பிக்குள் எல்லைத் தகராறு, பிள்ளையின் படிப்பு, பெண்ணின் திருமணம் என்று அவற்றிற்கு முடிவே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், தென்மாவட்டப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில், ஒரு சனிக்கிழமை பத்து வயதுப் பீடச் சிறுவன் கொண்டு வந்த வழக்கு இவற்றுள் எதிலும் அடங்காதது.

"சாமி, எங்கள் ராஜாவை நாளை இரவு லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் எங்கேயோ விட்டுவிடப் போகிறார்கள். நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார்" என்று கூறி அவன் தேம்பி அழுதான்.

ராஜா என்பது அவர்கள் வீட்டு நாய்க்குட்டியின் பெயர். குட்டி என்றுதான் பெயரேயன்றி, ஐந்து மாதத்திலேயே அது சிறுவனின் இடுப்பளவு வளர்ந்திருந்தது. பால்போல் வெண்ணிறம், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள், ஆழ்ந்த மார்பு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ராஜபாளையம் நகரின் பெயரைத் தாங்கிய நம் நாட்டு வேட்டை நாய் இனம் அது. இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு நான்கு நாட்டு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, அவற்றுள் ஒன்றாக இடம்பெற்ற பெருமையும் இவ்வினத்துக்கு உண்டு.

சிறுவனின் தந்தை லாரி ஓட்டுநர். வாரத்தில் நான்கு இரவுகள் வெளியூரில் கழிப்பவர். மனைவி, மக்கள், வயது முதிர்ந்த தாய் ஆகியோருக்குக் காவலாக இருக்கட்டும் என்று எண்ணி, இரண்டு மாதக் குட்டியாக அதனை வாங்கி வந்தார். அதுவோ காவலுக்குப் பதிலாகக் கலகத்தைக் கொண்டு வந்தது. கொடியில் உலர்ந்த சேலைகளைக் கிழித்தது. செருப்புகளில் ஒரு சோடியும் மிஞ்சவில்லை. வருவோர் போவோர் தோள்மீதெல்லாம் தாவியது. ஒருநாள் குழாயடியிலிருந்து குடத்துடன் வந்த பாட்டியம்மாள்மீது அன்பு மேலிட்டுப் பாய்ந்தது. அவர் கீழே விழுந்து வலக்கை மணிக்கட்டு முறிந்தது. அன்று முதல் அதற்குச் சங்கிலியும் பிரம்பும் தாம் கதி. பிரம்பு தாழ்ந்ததே தவிர, குட்டியின் துடுக்கு தாழவில்லை. இறுதியில், உறங்கிக் கொண்டிருந்த அதனைச் சிறுவன் பின்புறமிருந்து தொட்டபோது திடுக்கிட்டு எழுந்து அவன் கையைக் கடித்துவிட்டது. அக்கடிதான் தீர்ப்பை எழுதியது.

கடித்த இடத்தைச் சோப்பு இட்டு, ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தனர். அந்த அளவில் அத்தாயின் அறிவுடைமை பாராட்டுக்குரியது. நானோ தந்தையை அழைத்து, "பத்து நாள் அது கோயில் வளாகத்தில் இருக்கட்டும். கடித்த நாயை எப்படியும் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். பிறகு முடிவு செய்வோம்" என்றேன். அவரும் இசைந்தார்.

மணியோசையும் உறக்கமும்

கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் ராஜா நீண்ட கயிற்றில் கட்டப்பட்டது. இரண்டாம் நாள் நண்பகல். உபதேசியார் திரிகால மணியை அடித்தார். அம்மணி ஒலித்தால் தெருநாய்கள் அனைத்தும் முகத்தை உயர்த்தி ஊளையிடுவது அவ்வூர் வழக்கம். அன்றும் அவ்வாறே ஊளையிட்டன. ராஜா மட்டும் நிழலில் படுத்து, காது மடலையும் அசைக்காமல் உறங்கியது.

நான் ஐயுற்று, அது விழித்திருந்த வேளையில் பின்புறமாகச் சென்று, அதன் பார்வையில் படாதவாறு இரண்டு தட்டுகளை மோதினேன். திரும்பவில்லை. பெயரைச் சொல்லி உரக்க அழைத்தேன். திரும்பவில்லை. தரையைக் காலால் ஓங்கி மிதித்தேன். அதிர்வை உணர்ந்து உடனே திரும்பி, வாலை ஆட்டிக்கொண்டு என்மீது தாவியது.

அக்குட்டி சொல் கேளாத குட்டி அன்று. சொல்லே கேட்காத குட்டி.

கால்நடை மருத்துவர் அதனை உறுதி செய்தார். நாய்க்குட்டிகள் பிறக்கும்போது கண்ணும் காதும் மூடியே இருக்கும். இரண்டாம் வாரத்தில் கண்ணும், அதனையடுத்துக் காதும் திறக்கும். தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் உள்ளன. கேட்கும் ஆற்றல் நிலைத்திருக்க அவை இன்றியமையாதவை. வெண்ணிற இனங்களில் சில குட்டிகளுக்கு அவ்வணுக்கள் உட்செவியில் அமையாமையால், பிறந்த சில வாரங்களிலேயே செவிப்புலன் அழிந்துவிடுகிறது. ராஜபாளையம் இனத்திலும், வெள்ளையில் கரும்புள்ளிகள் கொண்ட டால்மேஷன் இனத்திலும் இக்குறை மிகுதி. நீலக் கண்ணுடைய வெண்பூனைகள் பெரும்பாலும் செவிடாயிருப்பதை டார்வின் தம் நூலில் குறித்திருக்கிறார். இதற்கு மருந்து இல்லை. மரபுவழி வருவதாகையால் இத்தகைய நாயை இனவிருத்திக்கு விடலாகாது.

இச்செய்தியைக் கேட்ட தந்தை நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "கேட்காத காதுக்காகவா சாமி இத்தனை நாள் அடித்தேன்?" என்றார். அவ்வினாவுக்கு நான் விடை கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

கையே வாய்

பத்து நாள் கழிந்தும் ராஜா நலமாகவே இருந்தது. ஆயின் அதனைத் திரும்ப அழைத்துக்கொள்ளப் பாட்டியம்மாள் ஒப்பவில்லை. "அது போனால்தான் வீடு நிம்மதியாக இருக்கும்" என்பதே அவர் வாதம். முறிந்த கைக்குரியவர் அவர். அவரைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே மூன்று மாதத் தவணை கேட்டோம். சிறுவனும் தந்தையும் நாள்தோறும் கோயிலுக்கு வந்து, மருத்துவர் காட்டிய வழியில் அதனைப் பழக்குவது என்று முடிவாயிற்று.

முதலில் அது நம் முகத்தைப் பார்க்கக் கற்க வேண்டும். அது தானாக நம்மை ஏறிட்டுப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சிறு துண்டு வேகவைத்த கோழியிறைச்சி கொடுக்கப்பட்டது. எலும்பு நீக்கிய இறைச்சி. ஏனெனில் சமைத்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்திக் கிழிக்கக்கூடும். ஒரு வாரத்தில், நிமிடத்துக்கு ஒருமுறை எங்கள் முகத்தைப் பார்க்கும் பழக்கம் அதற்கு உண்டாயிற்று.

அடுத்து, நான்கே சைகைகள். உள்ளங்கையை மேல்நோக்கி உயர்த்தினால் உட்கார வேண்டும். இரு கைகளையும் விரித்தால் அருகில் வரவேண்டும். உள்ளங்கையை அதன் முகத்துக்கு நேரே காட்டினால் நிற்கவேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் 'நன்று' என்று பொருள். சைகைப்படி செய்த அக்கணமே கட்டைவிரலும் இறைச்சித் துண்டும் வரவேண்டும். சற்றுத் தாமதித்தாலும் எதற்காகப் பரிசு கிடைத்தது என்பது நாய்க்கு விளங்காது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு நான்கு தடவை. அதற்குமேல் குட்டியின் கவனம் நில்லாது.

உறங்கும்போது அதனைத் திடீரெனத் தொடுவதை அனைவரும் விட்டுவிட்டோம். மூக்கருகே கையை நீட்டி, வாசனை அறிந்து விழிக்கச் செய்த பின்னரே தொடுவோம். சிறுவனைக் கடித்தது கொடுமையினால் அன்று, அச்சத்தினால் என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. இரவில் கைவிளக்கை ஒருமுறை மின்னச் செய்தால் ஓடி வரும். பேருந்தின் ஒலிப்பான் அதற்குக் கேளாதாகையால், தெருவில் ஒருபோதும் கயிறின்றி விட்டதில்லை.

காது கேட்கும் குட்டிக்கும் இதுவே வழி

வாசகர்களே, உங்கள் வீட்டுக் குட்டிக்கு இக்குறை இல்லாதிருக்கலாம். லாப்ரடாரோ, அல்சேஷனோ, நாட்டு நாயோ, எதுவாயினும் பெரிதாய் வளரும் குட்டி எல்லா வீட்டிலும் ஓர் ஆண்டுக் காலம் ஆட்டம் போடவே செய்யும். ராஜாவிடம் நாங்கள் கற்றவை அனைத்தும் அதற்கும் பொருந்தும். நாய் நம் சொல்லைவிட நம் உடலையே கூர்ந்து படிக்கும் பிராணி.

தாவும் குட்டியை நாம் கையால் தள்ளுகிறோம், கத்துகிறோம். அதற்கோ அதுவும் விளையாட்டே. தாவினால் ஒன்றும் பேசாமல், முகத்தைப் பாராமல், முதுகைக் காட்டித் திரும்பி நிற்கவேண்டும். நான்கு கால்களும் தரையில் பட்டவுடன் குனிந்து தடவிக் கொடுக்கவேண்டும். இவ்விதியை வீட்டார் அனைவரும் கைக்கொள்ளுதல் அவசியம். அம்மா தடுக்க, மாமா வந்து கட்டித் தழுவினால் ஒரு மாதப் பயிற்சி ஒரு மாலையில் வீணாகும்.

கடித்துக் குதறுவது குற்றம் அன்று, வளர்ச்சி. நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் 28 பாற்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கின்றன. ஈறு அரிக்கும்போது அது எதையேனும் மெல்லத்தான் செய்யும். கெட்டியான கயிற்று முடிச்சு ஒன்றைக் கொடுத்து, செருப்பை உயரத்தில் வைப்பதே அறிவுடைமை.

கண்ட இடத்தில் மலசலம் கழிக்கும் குட்டியின் மூக்கை அதில் தேய்ப்பது நம் ஊர்களில் காணும் தவறான வழக்கம். உறங்கி எழுந்தவுடன், உண்டவுடன், விளையாடி முடித்தவுடன் வெளியே அழைத்துச் சென்று, உரிய இடத்தில் கழித்ததும் பாராட்டினால் சில வாரங்களில் தானே பழகிவிடும்.

நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாய் முரடாகிறது. காலையில் வெயில் ஏறுமுன்னும் மாலையில் வெயில் தணிந்த பின்னும் நடத்தி அழைத்துச் செல்லுங்கள். ஆயினும் ஓர் ஆண்டு நிரம்பும்வரை உயரத்திலிருந்து குதிக்கவோ வண்டியின்பின் ஓடவோ விடாதீர்கள். பெரிய இனங்களின் எலும்பு முதிர ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும்.

உணவிலும் கவனம் தேவை. நாம் உண்ட மிச்சச் சாம்பார் சோற்றைக் குட்டிக்கு இடுகிறோம். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கவல்லது. திராட்சையும் சாக்லேட்டும் அதற்கு நஞ்சு.

தாயிடமிருந்து எட்டு வாரத்துக்குமுன் குட்டியைப் பிரிக்காதீர்கள். அந்த வாரங்களில்தான் உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடி, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதை அது கற்கிறது. குடற்புழு நீக்க மருந்தையும் தடுப்பூசிகளையும் மருத்துவர் கூறும் நாள்களில் தவறாது கொடுங்கள். மூன்று மாதம் நிரம்பியதும் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். 1885ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தைக் கொடுக்கச் செய்து உயிர் காத்தார். அதற்குப் பின் இத்தனை காலம் கடந்தும், வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் அதனைக் குணப்படுத்தும் மருந்து நம்மிடம் இல்லை. முன்னெச்சரிக்கை ஒன்றே காப்பு. எத்துணை நல்ல நாயாயினும் சிறு குழந்தையுடன் அதனைத் தனியே விடலாகாது.

மூன்று மாதத்துக்குப் பின்

தவணை முடிந்த ஞாயிறன்று, பூசை முடிந்ததும் பாட்டியம்மாள் வேப்பமரத்தடிக்கு வந்தார். சற்றுத் தொலைவிலேயே நின்றார். ராஜா அவரைக் கண்டது. எழுந்தது. சிறுவன் கயிற்றை இறுகப் பற்றினான். நானும் ஒரு நொடி அஞ்சினேன் என்பதை மறைப்பானேன்?

"பாட்டி, கையை உயர்த்துங்கள்" என்றான் சிறுவன்.

அவர் தயங்கித் தயங்கி வலக்கையை உயர்த்தினார். முறிந்து கூடிய அம்மணிக்கட்டு முற்றும் நேராகவில்லை. உள்ளங்கை சற்றுச் சாய்ந்தே நின்றது. சாய்ந்த அந்தக் கையையே பார்த்தவாறு ராஜா மெல்ல உட்கார்ந்தது. வால் மட்டும் மண்ணைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

"அட, என் சொல்லைக் கேட்கிறதே!" என்றார் பாட்டியம்மாள்.

அன்று மாலையே ராஜா வீடு திரும்பிற்று. அதன்பின்னும் ஒருமுறை புதுப் பாயைக் கிழித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எவர்மீதும் தாவவில்லை.

அடங்காதது என்று நாம் முடிவு கட்டும் உயிர்களுள், நாம் சொன்னது எட்டாதவை எத்தனை இருக்கின்றனவோ! ஆதலின், வீட்டில் வளரும் குட்டியைத் தண்டிக்கப் பிரம்பைத் தேடுமுன் ஒரே ஒரு வினாவைக் கேட்டுக்கொள்வோம்: நாம் சொன்னது அதற்கு விளங்கிற்றா? இவ்வினா நாய்க்குட்டிகளோடு நிற்பதன்று என்பதை, பிள்ளைகளைப் பெற்ற வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.