சிகரட்டை விட்டபின் வரும் இருமல்

நோன்பு மாதத்தில் நம் வீடுகளில் ஓர் அதிசயம் நடக்கிறது. மணிக்கொரு சிகரட் பற்றவைக்கும் மனிதர், சஹரிலிருந்து மஃரிப் வரை 13 மணித்தியாலத்துக்கு மேல் அதைத் தொடாமலே இருந்துவிடுகிறார். "இதோடு விட்டுவிடுவோமே" என்ற எண்ணம் பலருக்கு உதிப்பதும் அப்போதுதான். பெருநாளன்று அடியோடு விட்டவர், மறுவாரமே மீண்டும் பற்றவைப்பதேன்? "குடித்தபோது நன்றாகத்தான் இருந்தேன், விட்ட பிறகுதான் வருத்தம் வந்தது" என்ற பேச்சை அக்குறணையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ கடை வாசலில் நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அந்த வருத்தம் பொய்யல்ல. நோன்பு நாளில் பகலில் விட்டதை இரவில் ஈடுசெய்துகொண்டவருக்கு, உண்மையான சோதனை முழுதாக நிறுத்திய அன்றுதான் தொடங்குகிறது. நிக்கொட்டின் இரத்தத்திலிருந்து சீக்கிரம் நீங்கிவிடும். அதற்குப் பழகிய மூளைதான் அடம்பிடிக்கும். தலையிடி, எரிச்சல், தூக்கமின்மை, ஓயாத பசி, மலச்சிக்கல், சிலருக்கு வாய்ப்புண். முதல் மூன்று நாட்கள் கடுமை. பெரும்பாலும் நான்கு வாரங்களுக்குள் தணிந்துவிடும். சகோதரிகளே, அந்த நாட்களில் அவர் காட்டும் கோபத்தை உங்கள் மீதான கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இருமல்தான் அதிகம் பயமுறுத்துவது. சுவாசக் குழாய்களின் உட்புறத்தில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. புகை அவற்றை முடக்கி வைத்திருந்தது. புகை நின்றதும் அவை மீண்டும் வேலை செய்யத் தொடங்க, தேங்கிய சளி வெளியேறுகிறது. கண்டியின் பனிக் காலைகளில் இது சற்றுக் கூடுதலாகவே தெரியும். இளஞ்சூட்டு நீர் அடிக்கடி குடிப்பது நல்லது.

பலர் அறியாத ஒன்று, நம் பிளேன்டீ. புகைப்பவரின் ஈரல் தேயிலையிலுள்ள கஃபீனை வேகமாகச் சிதைத்துவிடும். புகை நின்றதும் அந்த வேகம் குறையும். அதே ஆறு கோப்பை தேநீர் இப்போது உடம்பில் நெடுநேரம் தங்கி, படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். பழி மட்டும் சிகரட்டை விட்டதன் மேல் விழும்! தேநீரைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

சில மருந்துகளுக்கும் இதே கதைதான். இழுப்புக்குத் தியோபிலின் எடுப்பவர், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுப்பவர், இன்சுலின் போடுபவர், மனநோய்க்கு மாத்திரை எடுப்பவர் ஆகியோர் சிகரட்டை விட்டதைத் தம் வைத்தியரிடம் உடனே சொல்ல வேண்டும். மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம். தாமாகவே மாற்றக்கூடாது.

ஆனால் எல்லாவற்றையும் "விட்டதன் விளைவு" என்று தள்ளிவிடுவதும் ஆபத்து. நெஞ்சை அழுத்தும் வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சுத் திணறல் ஆகியவற்றைச் சிகரட்டை விட்டதன் கணக்கில் எழுதாதீர்கள். வாய்வு என்று இஞ்சித் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காமல், 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் நமக்கு அருகிலேயே இருக்கின்றன.

மூச்சைக் கவனிக்க நம் மலைப் பாதைகளே போதும். வாரங்கள் செல்லச் செல்ல பஹிரவகந்த ஏற்றம் சற்று இலகுவாக வேண்டும். மாறாக இளைப்பு கூடினாலோ கால் வீங்கினாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டாலும் அப்படியே. உயிர் வாழ்வதில் வெறுப்பு என்று ஒரு வார்த்தை வந்தால் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

சளியில் இரத்தம் ஒருமுறை கண்டாலும் தாமதிக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் இருமலுக்கும், இரவுக் காய்ச்சலும் மெலிவும் சேர்ந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை அவசியம். புகைப்பவர்களைக் காசநோய் எளிதில் பற்றும். அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் அந்தப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. போகும்போது எத்தனை வருடம், நாளொன்றுக்கு எத்தனை சிகரட் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.