ஸ்கூலுக்குள்ள போனுக்குத் தடை, வீட்டுப்பாடம் மட்டும் வாட்ஸ்அப்பில்: மாணவர்களின் ஸ்க்ரீன் டைமை எங்கே குறைப்பது?

மதுரை ஆனையூர் போன்ற புறநகர்ப் பகுதிகளில் ராத்திரி 8 மணிக்கு மேல் பல வீடுகளில் நடக்கிற கதை இது. வீட்டில் இருப்பதே ஒரு ஸ்மார்ட்போன். அதுவும் வேலைக்குப் போன அப்பாவிடம். அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "அப்பா, போனைக் குடுங்க, ஹோம்வொர்க் பாக்கணும்" என்கிறது பிள்ளை. கணக்கை நோட்டில் எழுத 10 நிமிஷம். அப்புறம் ஒரு ஷார்ட்ஸ், இன்னொரு ரீல்ஸ். படுக்கப் போகும்போது மணி 11.

பள்ளிக்கு செல்போன் கொண்டு வந்தால் பறிமுதல் செய்யப்படும் என்று 2022-ல் அமைச்சர் அன்பில் மகேஸ் எச்சரித்தார். ஆனால் கேட்டில் தடுக்கப்படும் அதே போனை, சாயங்காலம் பிள்ளை கையில் கொடுக்கச் சொல்வது வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடம்தான்.

எப்படி ஆரம்பிச்சது?

கொரோனா காலத்தில். 2020 ஜூலையில் மத்திய கல்வித்துறை 'பிரக்யதா' வழிகாட்டுதலை வெளியிட்டது. 1 முதல் 8-ம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30-45 நிமிட ஆன்லைன் வகுப்பு இரண்டு, 9 முதல் 12 வரை நான்கு, அதற்கு மேல் கூடாது என்றது. அது நேரலை வகுப்புக்கான கணக்கு. பள்ளிகள் திறந்ததும் வகுப்பு கரும்பலகைக்குத் திரும்பியது, வாட்ஸ்அப் குரூப் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

சரி, எத்தனை மணி நேரம் பார்க்கலாம்?

2 முதல் 4 வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 வயதுக்கு மேல் அது எண் எதுவும் சொல்லவில்லை; பொழுதுபோக்குக்காக ஸ்க்ரீன் பார்ப்பதைக் குறைக்கச் சொல்கிறது, தினமும் சராசரியாக 60 நிமிஷம் ஓடியாடச் சொல்கிறது. அதனால் போன் எவ்வளவு நேரம் என்பதைவிட, அது தூக்கத்தையும் விளையாட்டையும் தின்கிறதா என்று பார்ப்பதே சரியான கணக்கு.

பள்ளிகள் என்ன செய்யலாம்?

பள்ளிகளில் போனுக்கு முழுத் தடை விதிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. முடிந்தால் போனைப் பள்ளியில் வாங்கி வைக்கலாம், வகுப்பறையில் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் வழிகாட்டுதல்.

அதைவிடச் செலவில்லாத வழி பழைய டைரிதான். கடைசி பெல்லுக்கு முன் 10 நிமிஷம் ஒதுக்கி வீட்டுப்பாடத்தை எழுதவைத்தால் போதும். பாடத்துக்கு வீடியோ தேவை என்றால் வகுப்பில் இருக்கும் ஸ்மார்ட் போர்டிலேயே போட்டுக் காட்டலாம். குரூப்பில் லீவு, கட்டணம் மாதிரி பெற்றோருக்கான தகவல் மட்டும் வரட்டும்.

இதைக் கேட்க பெற்றோருக்கு இடம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே வைக்கலாம்.